திரும்ப என்ன வரும்?

(திருப்பூரில் சிறு, குறு பின்னலாடைத் தொழில் நடத்துவோர் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டு முடித்த களைப்பு பலர் முகத்தில் தெரிகிறது. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு ஆடிட்டர் பேசுவதைக் கேட்க வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

கையிலிருந்து பெரிய தொகை வெளியே போகும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. போட்டால் திரும்ப என்ன வரும் என்பது ஒன்று. போய்விட்டால் தாங்குவோமா என்பது மற்றொன்று. முதல் கேள்வியை மெசின் வாங்கும்போது கேட்க வேண்டும். இரண்டாவதை இன்சூரன்ஸ் எடுக்கும்போது கேட்க வேண்டும். என் மேசைக்கு முன்னால் வந்து உட்காருகிறவர்களில் பாதிப்பேர் இதை அப்படியே மாற்றிக் கேட்கிறார்கள். முப்பது லட்சத்துக்கு மெசின் இறக்கும்போது, ‘எப்படியும் சமாளிச்சுக்கலாங்க’ என்கிறார்கள். இன்சூரன்ஸ் என்றதும், ‘ஒண்ணும் ஆகலைன்னா கட்டுன காசு திரும்ப வருங்களா?’ என்கிறார்கள். இன்றைக்கு நான் பேசப்போவது இந்த இடமாற்றத்தைப் பற்றித்தான்.

முதலில் மெசின். ஜாப் ஒர்க் நிட்டிங் போடுகிற ஒருவர் புது மெசின் ஒன்று வாங்க நினைக்கிறார். கணக்கு போடச் சௌகரியமாக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும். விலை 25 லட்சம். ஒரு நாளைக்கு 300 கிலோ ஓடும், கிலோவுக்கு 14 ரூபாய் கூலி. மாதம் 25 நாள் ஓடினால் 1,05,000 ரூபாய் வரவு. ஆள் சம்பளம், கரண்ட், ஊசி, எண்ணெய், வாடகை எல்லாம் சேர்த்து 60,000 செலவு. மாதம் 45,000 மிச்சம், வருடத்துக்கு 5,40,000.

மெசின் விற்க வந்தவர் உடனே சொல்வார்: ‘அண்ணா, அஞ்சு வருஷங்கூட ஆகாது, போட்ட காசு வந்துரும். மெசின் பத்து வருஷம் ஓடும். மிச்ச அஞ்சு வருஷம் எல்லாம் லாபந்தான்.’ அவர் சொல்வதில் பொய் இல்லை. ஆனால் பத்தாவது வருடம் வரும் 5,40,000 ரூபாயும் இன்றைக்குக் கையில் இருக்கும் 5,40,000 ரூபாயும் ஒன்று என்று வைத்துக்கொண்டுதான் அவர் பேசுகிறார். இந்த ஊரில் யாரும் அப்படிக் கடன் கொடுப்பதில்லை. ஒரு பைசா வட்டி, அதாவது ரூபாய்க்கு மாதம் ஒரு பைசா, வருடத்துக்கு 12 சதவீதம். அந்தக் கணக்கில் பத்து வருடம் கழித்து வரும் 5,40,000 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு சுமார் 1,74,000 ரூபாய்தான். இப்படிப் பத்து வருட வரவையும் ஒவ்வொன்றாக இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டினால் 30,51,000 வருகிறது. கடைசியில் பழைய மெசினை 4 லட்சத்துக்கு விற்றால் அதன் இன்றைய மதிப்பு 1,29,000. மொத்தம் 31,80,000. விலை 25 லட்சம் போக 6,80,000 மிஞ்சுகிறது. வாங்கலாம் என்று கணக்கு சொல்கிறது. எக்ஸெல்லில் என்பிவி என்று ஒரு சூத்திரம் இருக்கிறது. உங்கள் பிள்ளைகளிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் போட்டுத் தருவார்கள்.

கணக்கு இங்கே முடிந்துவிட்டால் நான் வந்திருக்கவே வேண்டாம். ‘மாதம் 25 நாள்’ என்று ஒரு எண் போட்டேனே, அது எங்கிருந்து வந்தது? ஆர்டர் நிறைய இருந்த ஏதோ ஒரு மாதத்திலிருந்து. அதை 20 நாள் என்று மாற்றிப் பாருங்கள். வரவு 84,000. செலவு அதே அளவுக்குக் குறையாது. ஆளை நிறுத்த முடியாது, வாடகை நிற்காது. 55,000 என்று வைத்துக்கொண்டால் மிச்சம் 29,000. பத்து வருட வரவும் மெசினை விற்ற காசும் இன்றைய மதிப்பில் 20,95,000. 25 லட்சம் போட்டதில் நாலு லட்சம் கையை விட்டுப் போகிறது. மாதத்துக்கு ஐந்தே நாள்தான் வித்தியாசம். அதில் லாபம் நட்டமாகிவிட்டது.

எத்தனை நாள் ஓடினால் கையைக் கடிக்காது? ஏறக்குறைய 22 நாள். எனக்கு இந்தக் கணக்கில் பிடித்த எண் இதுதான். ஆறு லட்சத்து எண்பதாயிரம் மிஞ்சும் என்பது ஒரு கனவு. 22 நாள் என்பது நீங்கள் போய்ப் பார்த்துச் சோதிக்கக்கூடிய சங்கதி. ஷெட்டில் ஏற்கெனவே ஓடுகிற மெசினின் உற்பத்தி நோட்டை எடுங்கள். நோட்டு எழுதும் பழக்கம் இல்லையென்றால் இரண்டு வருட ஈபி பில்லை வரிசையாக அடுக்குங்கள். யூனிட் எந்த மாதம் ஏறியது, எந்த மாதம் படுத்தது என்று அது மறைக்காமல் சொல்லும். நல்ல நேரம் பார்த்து மெசின் இறக்குகிற நாம், அதற்கு முன்னால் ஈபி பில்லையும் பார்த்துவிடுவது நல்லது.

படுத்த மாதங்கள் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூடச் சொன்னபோது, பட்டறைக்காரர்களோடு நிட்டிங்காரர்களும் பவர் டேபிள்காரர்களும் சேர்ந்துதான் உட்கார்ந்தார்கள். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது. இவற்றில் எதையும் முன்கூட்டியே கணித்திருக்க முடியாது. ஆனால் பத்து வருடத்தில் இந்த மாதிரி ஒன்றோ இரண்டோ வரும் என்று கணித்திருக்கலாம். மெசினின் ஆயுளைப் பத்து வருடம் என்று போடுகிறவர், அந்தப் பத்து வருடத்தில் ஒரு வருடத்தை அரை வருமானத்தோடு போட்டுப் பார்க்க வேண்டும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, பார்ட்டி பணம் தருகிற நாள். கூலி மூன்று மாதம் கழித்து வருகிறதென்றால், மூன்று மாத வரவு 3,15,000 எப்போதும் வெளியே நிற்கிறது. அதுவும் நீங்கள் போட்ட முதல்தான். அதைச் சேர்த்தால் மிச்சம் 6,80,000 இல்லை, 4,66,000. 22 நாள் 23 நாளாகிறது. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-இல் வந்த சிறு, குறு தொழில் சட்டம் சொல்கிறது. தராமல் இழுத்தால் வாங்கினவருக்கு அந்தச் செலவு வருமான வரிக் கணக்கில் அந்த வருடம் கழியாது என்றும் விதி வந்துவிட்டது. எத்தனை பேர் பார்ட்டியிடம் போய் இந்தச் சட்டத்தைச் சொல்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கணக்கிலாவது அந்த 90 நாளை எழுதிவிடுங்கள் என்கிறேன்.

மற்றொன்று, பணம் எங்கிருந்து வருகிறது என்பது. 12 சதவீதத்தில் லாபம் காட்டிய அதே மெசினை, 25 நாளும் ஓடுகிற அதே மெசினை, இரண்டு பைசா வட்டிப் பணத்தில் போட்டுப் பாருங்கள். பத்து வருட வரவும் கடைசி விலையும் சேர்ந்து இன்றைய மதிப்பு 20 லட்சத்துச் சொச்சம்தான். 25 லட்சத்தைத் தொடவே இல்லை. மெசினில் கோளாறில்லை, கடனில் இருக்கிறது. ‘ஃபிளாட் ஒன்பது பர்சன்ட்’ என்று சொல்லிக் கொடுக்கும் கடனையும் பாருங்கள். ஐந்து வருடத் தவணையில் அது உண்மையில் 15.7 சதவீதம். நீங்கள் அடைத்துவிட்ட அசலுக்கும் கடைசி மாதம் வரை வட்டி வாங்குகிறார்கள்.

வருமான வரியை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்த்தால் எண் மாறும், போகிற வழி மாறாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மார்ச் மாதம் வந்தால், ‘டாக்ஸ் மிச்சம் பண்ண ஒரு மெசின் வாங்கிப் போட்டுரலாங்களா?’ என்று ஃபோன் வரும். முப்பது பைசா வரியை மிச்சம் பிடிக்க ஒரு ரூபாய் செலவு செய்கிற யோசனை அது. அந்த மெசின் அந்த வருடம் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்பட்டிருக்கும் என்பதால் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும். அதையும் மறந்துவிடுகிறார்கள்.

இனி இரண்டாவது கேள்வி. 1738-இல் டேனியல் பெர்னூலி என்ற கணித அறிஞரின் கட்டுரை ஒன்று பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தின் ஏட்டில் வெளிவந்தது. அதில் ஒரு வியாபாரி வருகிறார். ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கிப் போட்டிருக்கிறார். அது பத்திரமாகப் பீட்டர்ஸ்பர்க் வந்து சேர்ந்தால் 10,000 ரூபிளுக்குப் போகும். அந்தப் பருவத்தில் நூறு கப்பல் கிளம்பினால் ஐந்து மூழ்கும். காப்புறுதி கொடுப்பவர் 800 ரூபிளுக்குக் குறைய மாட்டேன் என்கிறார். நூற்றுக்கு ஐந்து என்றால் சராசரி நட்டம் 500 ரூபிள்தான். 300 ரூபிள் கூடுதலாகக் கேட்கிறார். வியாபாரி என்ன செய்ய வேண்டும்?

‘திரும்ப என்ன வரும்’ என்று கேட்டால் பதில் சுலபம். கொள்ளை விலை, வேண்டாம் என்று எழுந்து போய்விடலாம். பெர்னூலி அப்படிச் சொல்லவில்லை. அந்த வியாபாரியிடம் இந்தச் சரக்கைத் தவிர வேறு என்ன சொத்து இருக்கிறது என்று கேட்டார். ஆயிரம் ரூபிள் வைத்திருப்பவனுக்கு நூறு போவதும் லட்சம் வைத்திருப்பவனுக்குப் பத்தாயிரம் போவதும் ஒரே வலி என்று வைத்துக்கொண்டு கணக்கைப் போட்டார். விடை 5,043 ரூபிள். வேறு சொத்து அதற்குக் கீழே இருந்தால் அந்த 800 ரூபிளைக் கட்டத்தான் வேண்டும், அதற்கு மேலே இருந்தால் தானே ஆபத்தை ஏற்றுக்கொள்ளலாம். கணக்கின் மறுபக்கத்தையும் அவர் விடவில்லை. 800 ரூபிளை வாங்கிக்கொண்டு இந்த ஆபத்தைத் தலையில் ஏற்றுக்கொள்கிறவரிடம் குறைந்தது 14,243 ரூபிள் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அதே கப்பல், அதே கடல், அதே பிரீமியம். ஒருவருக்கு எடுக்க வேண்டிய காப்பு மற்றவருக்கு வேண்டாத செலவு. பிரீமியம் சராசரி நட்டத்தைவிட எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். கம்பெனிக்குச் சம்பளம், கட்டடம், கமிஷன் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். ஆகவே எல்லோருடைய கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் இன்சூரன்ஸ் கட்டுகிறவர்களுக்கு நட்டம்தான். அந்த நட்டத்தைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள ஒரே காரணம், போனால் எழுந்திருக்க முடியாது என்பது. ஃபோன் கண்ணாடி உடைந்தால் எழுந்திருக்கலாம். வாஷிங் மெசின் பழுதானால் எழுந்திருக்கலாம். அதற்கெல்லாம் கூடுதல் வாரண்டி வாங்கிக்கொண்டு, வீட்டுத் தலைவர் உயிருக்குப் பத்து லட்சத்தோடு நிறுத்திக்கொள்கிறோம். வண்டிச் சட்டம் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறது. உங்கள் கார் நசுங்கினால் அது உங்கள் பாடு, இன்சூரன்ஸ் எடுப்பதும் எடுக்காததும் உங்கள் இஷ்டம். நீங்கள் இன்னொருவரை மோதினால் கொடுக்க வேண்டிய இழப்பீட்டுக்குத்தான் கட்டாயம். ஆளைச் சாய்க்கக்கூடிய நட்டம் எது என்று பார்த்துப் போட்ட சட்டம் அது.

இப்போது நம் ஊர் ஆள் ஒருவர். வயது 35. மனைவி, இரண்டு பிள்ளைகள். பேங்க் கடன் 40 லட்சம், அதற்கு மனைவியும் ஜாமீன் கையெழுத்து. அவர் இல்லாமல் வீடு நடக்க மாதம் 40,000 வேண்டும், 25 வருடத்துக்கு. விலைவாசி ஏற்றத்தைக் கழித்து வட்டி இரண்டு சதவீதம் நிற்கும் என்று வைத்தால் அதற்கு இன்றைக்கு 94 லட்சம் தேவை. பிள்ளைகள் படிப்புக்கு 20 லட்சம். மொத்தம் 1 கோடியே 54 லட்சம். விற்கக்கூடிய சொத்து, வைப்பு நிதி 14 லட்சம் இருக்கிறது. குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஆக 1 கோடியே 40 லட்சம் காப்பு வேண்டும்.

அவர் வைத்திருப்பது வருடம் 50,000 பிரீமியம், 20 வருடம், பத்து லட்சம் காப்பு. முடிவில் போனஸோடு 19 லட்சம் வரும் என்கிறார்கள். கட்டினது பத்து லட்சம், வருவது பத்தொன்பது என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. வட்டியாக மாற்றினால் வருடத்துக்கு ஆறு சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. அதே 50,000-ஐப் பிரித்துப் பார்ப்போம். 25,000-க்கு 1 கோடியே 40 லட்சத்துக்கு, இறந்தால் மட்டும் பணம் தரும் டேர்ம் பாலிசி கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் 25,000-ஐ 7.1 சதவீத பிபிஎஃப்-இல் போட்டால் இருபதாவது வருடம் சுமார் 11 லட்சம். பத்தொன்பது எங்கே, பதினொன்று எங்கே, எட்டு லட்சம் குறைகிறதே என்பீர்கள். குறையத்தான் செய்கிறது. இருபது வருடமும் 1 கோடியே 30 லட்சம் கூடுதல் காப்பு இருந்ததே, அதற்கான விலை அது. டேர்ம் பாலிசி எடுத்தால் பணமும் பெருகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இழப்பு இழப்புதான், ஆனால் எண்ணிப் பார்த்து ஏற்றுக்கொண்ட இழப்பு. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள், மருத்துவ பிரீமியங்களுக்கு ஜிஎஸ்டி இல்லை. அந்த வகையில் விலை கொஞ்சம் இறங்கியும் இருக்கிறது.

சர்க்கரையை, பீடி சிகரெட்டை மறைத்து எடுக்கும் பாலிசி இந்தக் கணக்கில் சேராது. மூன்று வருடம் கடந்தால் கம்பெனி கேள்வி கேட்க முடியாது என்று இன்சூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்வது உண்மை. அந்த மூன்று வருடத்துக்குள் எதுவும் நடக்காது என்று எந்தப் பிரிவும் சொல்லவில்லை.

குடோன் விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் காசு அதிகம் போவது இங்கேதான். சரக்கு 50 லட்சத்துக்கு நிற்கிறது. பேங்க் கடன் 30 லட்சம் என்பதால் 30 லட்சத்துக்குத் தீ இன்சூரன்ஸ். பேங்கே எடுத்துக் கொடுத்தது, நாம் பாலிசியைப் படித்தது கூட இல்லை. ஒரு நாள் தீப்பிடித்து 20 லட்சம் சரக்கு சாம்பல். முப்பது லட்சத்துக்குப் பாலிசி இருக்கிறது, சேதம் இருபதுதான், முழுசாக வந்துவிடும் என்று நினைப்போம். வராது. ஐம்பதுக்கு முப்பதுதான் காட்டியிருக்கிறீர்கள், ஐந்தில் மூன்று பங்கு. சேதத்திலும் ஐந்தில் மூன்று பங்குதான் தருவார்கள், 12 லட்சம். மீதி எட்டு லட்சத்துக்கு நீங்களே இன்சூரன்ஸ் கம்பெனி. 2021 ஏப்ரலில் வந்த சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் 15 சதவீதம் வரை குறைத்துக் காட்டியிருந்தால் மன்னித்துவிடுகிறார்கள். நாற்பது சதவீதம் குறைத்தவரை அதுவும் காப்பாற்றாது. மிச்சம் பிடித்தது வருடத்துக்குச் சில ஆயிரம் பிரீமியம்.

ஜாப் ஒர்க் செய்கிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உங்கள் ஷெட்டில் இருக்கும் நூலும் துணியும் பெரும்பாலும் பார்ட்டியுடையது. பிறர் சரக்கு நம் பொறுப்பில் இருக்கிறது என்று பாலிசியில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, பல தீ பாலிசிகளில் அதற்குக் காப்பு கிடையாது. நாளைக்குக் காலையில் கம்பெனி திறந்ததும் பாலிசியை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள்.

மருத்துவ பாலிசியிலும் இதே விகிதாசார வேலை நடக்கிறது. மூன்று லட்சம் பாலிசி, அறை வாடகை ஒரு சதவீதம் வரை, அதாவது நாளுக்கு 3,000. ‘அம்மாவுக்கு நல்ல ரூமா இருக்கட்டும்’ என்று 6,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் சேர்க்கிறோம். வாடகையில் 15,000 கைக்காசு போகும், போனால் போகட்டும் என்று நினைக்கிறோம். பில் இரண்டு லட்சம். வாடகை 30,000, டாக்டர், தியேட்டர், நர்சிங் 1,20,000, மருந்தும் பரிசோதனையும் 50,000. அறை வாடகையில் பாதிதான் வரம்புக்குள் வருகிறது என்பதால் டாக்டர், தியேட்டர் செலவிலும் பாதிதான் தருவார்கள். மருந்து, பரிசோதனையை அப்படி வெட்டக்கூடாது என்று விதி இருப்பதால் 50,000 முழுசாக வரும். ஆக, கிடைப்பது 1,25,000. கையிலிருந்து 75,000. அறையைத் தேர்ந்தெடுக்கும் கவுண்டரில் இதை யாரும் சொல்வதில்லை. அங்கே நிற்கும்போது நமக்குக் கணக்கும் வராது. பாலிசி வாங்கும்போதே அறை வரம்பு இல்லாததாகப் பார்த்து வாங்கிவிட வேண்டும்.

கடைசியாகத் தொழிலும் குடும்பமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிற இடம். பிணையில்லாக் கடன் வாங்கியவர்கள் சிஜிடிஎம்எஸ்இ கடன் உத்தரவாதக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். ‘கடனுக்குத்தான் கேரண்டி இருக்குதுங்களே’ என்று தைரியமாக இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கேரண்டி பேங்குக்கு. கடன் திரும்ப வராமல் போனால் பேங்குக்குப் பணம் வரும், உங்கள் பொறுப்பு தீராது. கடன்காரர்கள் வந்து நிற்கும்போது, குடும்பத்துக்கு என்று எடுத்த ஆயுள் பாலிசிப் பணமும் அவர்கள் கைக்குப் போகக்கூடும்.

இதற்கு 1874-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வழி வைத்திருக்கிறது. மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 6-ஆம் பிரிவு. மனைவி, பிள்ளைகள் நன்மைக்கு என்று எழுதி எடுக்கும் ஆயுள் பாலிசி ஒரு அறக்கட்டளையாக நிற்கும். கணவனின் கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. கடன்காரரை ஏமாற்றும் நோக்கத்தோடு எடுத்தால் மட்டும் அந்தப் பாலிசிப் பணத்தின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு. நாட்டின் மற்ற பகுதிகளில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இந்தப் பிரிவு 1923 ஏப்ரல் முதல் தேதிக்குப் பிறகு எடுத்த பாலிசிகளுக்குத்தான் பொருந்தும். சென்னை மாகாணத்துக்கு மட்டும் 1913 டிசம்பர் 31-க்குப் பிறகு எடுத்தவற்றுக்கே பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம் பக்கத்துக்கு முன்னதாகவே கிடைத்த பாதுகாப்பு. இன்றைக்கு இந்த மண்டபத்தில் அப்படி எடுத்த பாலிசி எத்தனை பேரிடம் இருக்கும்?

ஒரு பக்கப் படிவம் அது. பாலிசி எடுக்கும்போதே கையெழுத்தாக வேண்டும், பிறகு சேர்க்க முடியாது. எடுத்த பிறகு அந்தப் பாலிசியைப் பேங்கில் அடமானம் வைக்க முடியாது, பேர் மாற்ற முடியாது, நெருக்கடி வந்தால் நீங்களே கை வைக்க முடியாது. தொழில் செய்கிறவருக்கு அது சங்கடமாகத் தோன்றும். ஏஜென்ட் தானாக எடுத்து நீட்டுவது அபூர்வம், நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்கள் அதில் மாற்ற வழி தேடாமல், புதிதாக எடுக்கப்போகும் டேர்ம் பாலிசியை இந்தப் படிவத்தோடு எடுங்கள். இனிக் கேள்விகள் இருந்தால் கேளுங்கள். பாலிசியைக் கையோடு கொண்டுவந்தவர்கள் முன்வரிசைக்கு வாருங்கள்.